வலியைத் தாங்கிப் பெயர் வாங்க வேண்டாம்

வணக்கம் உறவுகளே. சமையல் காணொளி என்று நினைத்து வந்தவர்கள் மன்னிக்க வேண்டும், இன்று அடுப்பு எரியவில்லை. வலக்கை, கழுத்தில் மாட்டிய பட்டியான ஸ்லிங்கில் கிடக்கிறது. தோள்மூட்டில் கிழிந்திருந்த தசைநாணை, அதாவது தசையை எலும்போடு இணைக்கும் நாரை, சத்திரசிகிச்சை செய்து தைத்திருக்கிறார்கள். கமராவை யன்னல் திட்டில் வைத்து இடக்கையால் அழுத்திவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறேன். படம் சரிந்து தெரிந்தால் நீங்களும் தலையைக் கொஞ்சம் சரித்துக்கொள்ளுங்கள்.

வீட்டுக்கு வந்தபின் வலியை எப்படித் தாங்குகிறீர்கள் என்று கேட்டிருந்தீர்கள். நான் தாங்கவில்லை. தாங்கக் கூடாது என்பதுதான் இன்றைய பேச்சே. எங்கள் பக்கத்தில் வலியைப் பொறுக்கிற பெண்ணுக்குத் தனி மரியாதை உண்டு. "எங்கள் மருமகள் ஒரு பனடோல்கூடப் போடவில்லை" என்று மாமிமார் ஊர் முழுக்கச் சொல்லிப் பெருமைப்படுவார்கள். தோள் விஷயத்தில் அந்தப் பெருமை நட்டம்தான். வலி இருந்தால் உறக்கம் வராது, கையை அசைக்க மனம் வராது, பிசியோதெரபி பயிற்சியை நாளைக்கு நாளைக்கு என்று தள்ளுவோம், மூட்டு இறுகிவிடும். இறுகிய தோளை இளக்க மாதக்கணக்கில் பாடுபட வேண்டும்.

முதல் இரவைப் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் பலர் ஏமாறுவது அங்கேதான். சத்திரசிகிச்சைக்கு முன் கழுத்தடியில் ஊசி போட்டு நரம்பை விறைக்க வைப்பார்கள். அதனால் வீட்டுக்கு வரும்போது கை மரக்கட்டை போல இருக்கும், வலியே இராது. "அட, இவ்வளவுதானா" என்று தோன்றும். பெரும்பாலும் 12 முதல் 24 மணி நேரத்தில் அந்த விறைப்பு இறங்கிவிடும், அனேகமாக எல்லோரும் உறங்குகிற நேரம் பார்த்து இறங்கும். இறங்கியபின் மாத்திரையைத் தேடினால், அது வேலை செய்யத் தொடங்குவதற்குள் வலி தலைக்கேறிவிடும். ஆகவே கையில் இன்னும் விறைப்பு இருக்கும்போதே, டாக்டர் எழுதித் தந்த மாத்திரையைத் தொடங்கிவிட வேண்டும். அந்த ஊசியால் சிலருக்குக் குரல் கம்மும், அந்தப் பக்கத்துக் கண்ணிமை தாழும். விறைப்போடு சேர்ந்து அவையும் போய்விடும், பயப்பட வேண்டாம்.

அதன்பின் எல்லாம் மணிக்கூட்டுக் கணக்கு. பனடோல் என்று நாங்கள் சொல்லும் பரசிட்டமோல் 500 மில்லிகிராம் மாத்திரை, நல்ல ஈரலும் சாதாரண உடல் எடையும் உள்ள பெரியவர்களுக்கு ஒரு தடவைக்கு இரண்டு, 6 மணித்தியாலத்துக்கு ஒரு முறை. 24 மணி நேரத்தில் 8 மாத்திரைக்கு மேல் போகவே கூடாது. நான் காலை 6, பகல் 12, மாலை 6, இரவு 12 என்று வைத்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் நாட்காட்டித் தாளில் கோடு போடுகிறேன், இடக்கையால் போடுவதால் கோடு பாம்பாகப் போகிறது. மருந்து மயக்கத்தில் "போட்டேனா, இல்லையா" என்ற குழப்பம் வரும், அதற்குத்தான் இந்தக் கோடு. இன்னொன்றையும் கவனியுங்கள். பனடீன் என்ற வலி மாத்திரையிலும் பரசிட்டமோல் இருக்கிறது, தடிமன், சளிக்கான மாத்திரைகள் பலவற்றிலும் இருக்கிறது. பாமசியில் கேட்காமல் இரண்டையும் சேர்த்துப் போட்டால் ஈரலுக்கு ஆபத்து.

மாமி சொன்னார், "கிட்னி போய்விடும் பிள்ளை". முழுக்கப் பிழை என்று சொல்ல மாட்டேன். டைக்குளோபெனாக், இபுபுரூபன் வகை வலி மாத்திரைகள் வயிற்றைப் புண்ணாக்கும், சிறுநீரகத்தையும் பாதிக்கும். பிரஷர், சிறுநீரக வருத்தம், அல்சர் உள்ளவர்கள் அவற்றைத் தாமாக வாங்கிப் போடவே கூடாது. தசைநாண் தைத்தவர்களுக்குச் சில சத்திரசிகிச்சை நிபுணர்கள் அந்த வகையைத் தருவதில்லை. அளவோடு போடும் பரசிட்டமோலுக்கு அந்தப் பயம் பொருந்தாது. மாமிக்கு இதை விளக்கிச் சொன்னேன். தலையை ஆட்டிவிட்டு மல்லித் தண்ணீர் வைக்கப் போனார்.

டிரமடோல் என்ற கடுமையான வலி மாத்திரையை எனக்கு இரவுக்கு மட்டும் தந்தார்கள். தலை சுற்றலாம், குமட்டலாம், மலச்சிக்கலும் வரலாம். உறக்க மாத்திரை, மதுபானம் எதனோடும் அதைச் சேர்க்கக் கூடாது. மலச்சிக்கலைத் தவிர்க்க முதல் நாளிலிருந்தே பப்பாசிப்பழம், கீரை, நிறையத் தண்ணீர் என்று தொடங்கிவிடுங்கள். சாப்பாட்டில் வேறொரு சண்டையும் நடக்கிறது. கத்தரிக்காய், இறால், நண்டு எல்லாம் கிரந்தி, காயம் பழுக்கும் என்று பெரியம்மா தடுத்துவிட்டார். இறால் ஒத்துக்கொள்கிற உடம்பில் அது காயத்தைப் பழுக்க வைக்காது. புண் ஆறப் புரதம் வேண்டும். ஆனாலும் பெரியம்மாவோடு வாதாடும் பலம் எனக்கு இப்போது இல்லை. மீனும் முட்டையும் சாப்பிடுகிறேன்.

இரவுதான் பெரிய பாடு. மட்டமாகப் படுத்தால் தோள் பின்னுக்குச் சரிந்து தையலை இழுக்கும். மாமாவின் சாய்மனைக் கதிரையைக் கூடத்துக்கு இழுத்துப் போட்டு அதில்தான் உறங்குகிறேன். முழங்கைக்கும் மேல்கைக்கும் பின்னால் ஒரு தலையணை வேண்டும். பிசியோதெரபிஸ்ட் ஒரு அளவு சொல்லித் தந்தார்: தலையைத் திருப்பாமல் குனிந்து பார்த்தால் உங்கள் முழங்கை உங்களுக்குத் தெரிய வேண்டும். தெரியவில்லையென்றால் கை பின்னுக்குப் போய்விட்டது, தலையணையை இன்னும் தள்ளுங்கள். உறக்கத்திலும் ஸ்லிங்கைக் கழற்றுவதில்லை. அதன் பட்டி கழுத்தை அறுத்ததால் ஒரு சிறு துவாயை மடித்து உள்ளே வைத்திருக்கிறேன். இதைச் செய்தபின் தோளைவிடக் கழுத்து அதிகம் வலித்த கதை முடிந்தது.

இப்போது கச்சான் காற்று அடிக்கும் காலம் வேறு. திருகோணமலையில் இருப்பவர்களுக்கு அந்த அனல் காற்றைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. ஸ்லிங்குக்குள் வியர்த்து அக்குள் அவிந்துவிடுகிறது. கழுவுவதற்குக் கையைத் தூக்கக் கூடாது. இடுப்பை வளைத்துக் குனிந்து, கையைத் தானாகத் தொங்கவிட்டால் இடைவெளி கிடைக்கும், ஈரத்துணியால் துடைத்து நன்றாக உலர விடலாம். அதையும் டாக்டரிடம் கேட்ட பிறகே செய்யுங்கள். முன்பக்கம் பொத்தான் வைத்த சட்டைதான் வசதி. போடும்போது நோவுக் கை முதலில், கழற்றும்போது அது கடைசியில்.

ஐஸ் வைப்பது உண்மையிலேயே உதவுகிறது. 15, 20 நிமிடம், துணியில் சுற்றி, நாளுக்குச் சில தடவை. தோல் இன்னும் விறைத்திருந்தால் வைக்காதீர்கள், ஐஸ் தோலைச் சுட்டாலும் தெரியாது. பக்கத்து வீட்டு அண்ணன் கடலுக்குப் போகிறவர். என் மேல் இரக்கப்பட்டு மீன் வைக்கும் ரெஜிபோம் பெட்டியிலிருந்து ஒரு பை நொறுக்கிய ஐஸ் கொண்டுவந்து தந்தார். வாசனை எப்படி இருந்தது என்று நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள். இரண்டு பைக்குள் போட்டு இறுகக் கட்டி வைத்தேன், அன்றைக்குப் பூனை என்னைவிட்டு நகரவில்லை.

கன்னியா வெந்நீரூற்றுக்குப் போய் வார்த்தால் எல்லாம் பறந்துவிடும் என்று மச்சாள் ஆட்டோவுக்கே சொல்லிவிட்டார். அந்த ஊற்றின் ஏழு கிணறும் அங்கேயேதான் இருக்கும், ஓடிப்போகாது. தையல் பிரித்து, காயம் முற்றாக மூடி, டாக்டர் சம்மதித்த பிறகு போகலாம். வீக்கம் இருக்கும் முதல் நாள்களில் குளிர்தான் சரி. எண்ணெய் தேய்ப்பதும் அப்படித்தான், காயத்துக்குப் பக்கத்தில் வேண்டவே வேண்டாம். கருநீலம் பாரித்து முழங்கை வரை இறங்கினால் பதறாதீர்கள், உள்ளே கசிந்த இரத்தம் கீழ்நோக்கி இறங்குவதுதான் அது.

பதற வேண்டியவை வேறு. காய்ச்சல், காயத்திலிருந்து சீழ், நாளுக்கு நாள் பரவும் சிவப்பு, ஊசியின் விறைப்பு இறங்கியபின்னும் விரல்களில் உணர்வில்லாமை, விரல்கள் நீலமாகிக் குளிர்வது, மாத்திரை போட்டும் கூடிக்கொண்டே போகும் வலி. இவற்றுக்கு அன்றைக்கே வைத்தியசாலை, கிளினிக் நாள் வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது. கெண்டைக்கால் வீங்கி நோவது இரத்தக்கட்டியாக இருக்கலாம், உடனே போங்கள். மூச்சு முட்டினாலோ நெஞ்சு வலித்தாலோ 1990 என்ற எண்ணுக்கு அழையுங்கள், இலங்கையில் சுவசெரிய அம்புலன்ஸ் காசில்லாமல் வரும்.

பயிற்சிகளைச் செய்து காட்டச் சொல்லிச் சிலர் எழுதியிருந்தீர்கள். காட்ட மாட்டேன். என் தசைநாண் எவ்வளவு கிழிந்திருந்தது, எப்படித் தைத்தார்கள் என்பதைப் பார்த்து எனக்கென்று எழுதித் தந்த தாள் அது. உங்கள் தாள் வேறு. விரல், மணிக்கட்டு அசைப்பது அனேகமாக எல்லோருக்கும் உண்டு, அதற்கு மேல் உங்கள் பிசியோதெரபிஸ்ட் சொல்வதுதான். பிசியோதெரபிக்குப் போவதற்கு ஒரு மணி நேரத்துக்கு முன் அந்த வேளை மாத்திரை வருமாறு கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள். ஆட்டோக்காரரிடம் மேடு பள்ளம் பார்த்து மெதுவாக ஓட்டச் சொல்லுங்கள், வெட்கப்படாதீர்கள். சரி, நிறுத்துகிறேன். இதை அணைக்கவும் நான்தான் எழும்பி வர வேண்டும்.