முதலில் காது, பிறகு கண்

இங்கே வந்திருக்கும் அம்மாக்களுக்கும் அப்பாக்களுக்கும், கூட வந்திருக்கும் தாத்தா பாட்டிகளுக்கும் வணக்கம்.

"வாயால கேட்டா எல்லாம் சொல்றா, புத்தகத்தைக் கொடுத்தா முழிக்கிறா." என்னிடம் வரும் பெற்றோர் எடுத்ததும் சொல்வது இதுதான். அடுத்த வார்த்தை, "சோம்பேறி." தயவுசெய்து அந்த வார்த்தையை இன்றோடு விட்டுவிடுங்கள். இந்த மாதிரி வாசிக்க வராத சிரமத்துக்கு டிஸ்லெக்சியா என்று பெயர். அது புத்திக் குறைவு அல்ல. 1896-லேயே பிரிங்கிள் மார்கன் என்ற ஆங்கிலேய மருத்துவர், கணக்கு நன்றாகப் போட்டும் வாசிக்க வராத 14 வயதுச் சிறுவனைப் பற்றி எழுதிவைத்திருக்கிறார். கண், காது பரிசோதனையை முதலில் முடித்துவிடுங்கள். அதில் கோளாறு இல்லையென்றால், பெரும்பாலும் சிக்கல் இருப்பது பேச்சில் உள்ள ஒலிகளைப் பிரித்துப் பிடிப்பதில்.

அதனால் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுக் காதிலிருந்து தொடங்குங்கள். காய் நறுக்கும்போதே கேட்கலாம். "'மரம்', முதல்ல என்ன சத்தம் வருது? 'ம'வை எடுத்துட்டா மிச்சம் என்ன?" "'பட்டம்'ல 'ப'வுக்குப் பதிலா 'க' போடு." கட்டம். "'வ' போடு." வட்டம். இது தடுமாறாமல் வந்த பிறகு எழுத்துக்குப் போங்கள்.

தமிழில் குழந்தை தடுக்கி விழும் இடம் கொம்பு. 'கொடி' என்ற சொல்லைப் பாருங்கள். கண்ணுக்கு முதலில் படுவது கொம்பு, பிறகு 'க', பிறகு கால். வாயோ 'க்' என்று தொடங்கி 'ஒ' என்று முடிக்க வேண்டும். பார்க்கும் வரிசை ஒன்று, சொல்லும் வரிசை வேறு. போதாததற்குக் கால் பார்க்க 'ர' மாதிரியே இருக்கிறது. குழந்தை 'கெரடி' என்று வாசித்தால் அது கவனக்குறைவு இல்லை. தான் கண்டதை அப்படியே சொல்கிறது.

இதற்கு, 'கொ' முழுவதையும் ஒரே அட்டையில் பெரிதாக எழுதுங்கள், துண்டாக்காதீர்கள். தாம்பாளத்தில் அரிசியைப் பரப்பி, விரலால் எழுதிக்கொண்டே "கொ" என்று வாய்விட்டுச் சொல்லச் சொல்லுங்கள். அந்த வாரம் கொ, மொ, பொ மட்டும். கொடி, மொட்டு, பொடி. கூடவே 'கெ'வைக் கொண்டுவந்தால் குழம்பும். அது அடுத்த வாரத்துக்கு. நம் திண்ணைப் பள்ளிகளில் மணலில் எழுதிச் சொன்னது இதே வழிதான். 1789-ல் எழும்பூர் அநாதை இல்லத்துக்குப் பொறுப்பேற்ற ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், இங்கே பார்த்த மணல் எழுத்தையும், மாணவரே மாணவருக்குச் சொல்லித்தரும் தன் 'மதராஸ் முறை'யில் சேர்த்து இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார். நாமோ அதை விட்டுவிட்டு, தப்பாக எழுதியதைப் பத்துத் தடவை எழுத வைக்கிறோம். அந்தத் தண்டனை வாசிப்பைத் தராது, வெறுப்பைத்தான் தரும்.

தினம் கால் மணி நேரம் போதும். களைப்பதற்கு முன்பே நிறுத்திவிடுங்கள். ஆனால் அறிவியலும் சமூக அறிவியலும் அதுவரை காத்திருக்க முடியாது. அந்தப் பாடங்களை நீங்கள் வாசித்துக் காட்டுங்கள், குழந்தை கேட்டுப் படிக்கட்டும். வாசிப்பு மெதுவாக வருகிறது என்பதற்காக அறிவு ஏன் பட்டினி கிடக்க வேண்டும்?

கடைசியாகச் சான்றிதழ். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் டிஸ்லெக்சியா போன்ற கற்றல் குறைபாட்டையும் பட்டியலில் சேர்த்திருக்கிறது. பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர் போன்ற சலுகைகளுக்கு மருத்துவச் சான்று கேட்பார்கள். "பையனுக்கு முத்திரை விழுந்துடுமே" என்று தயங்கிவிட்டு, பத்தாம் வகுப்பு வந்த பிறகு சான்றுக்காக ஓடாதீர்கள். பள்ளித் தலைமையாசிரியரிடம் இந்த ஆண்டே பேசிவிடுங்கள்.