மது இல்லாத வரவேற்பு, ஆட்டம் பாட்டம் குறையாத மாலை

(சிங்கப்பூரில் சமூக மன்றம் ஒன்றில், திருமணத்துக்குத் தயாராகும் குடும்பங்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெரியவர்களுக்கும், தேதி குறித்துவிட்டு வந்திருக்கும் பிள்ளைகளுக்கும் வணக்கம்.

நான் கல்யாண வரவேற்புகளில் மைக் பிடிக்கிறவள். மேடையில் நின்றால் மண்டபம் முழுக்கக் கண்ணில் படும். ஏழரைக்கு மேசையெல்லாம் நிறைந்திருக்கும். எட்டரைக்குப் பார்த்தால் பெண்களும் பிள்ளைகளும் பாட்டிமாரும் மட்டும் உட்கார்ந்திருப்பார்கள். சித்தப்பா, மாமா, மச்சான்மார் எங்கே? ஹோட்டல் என்றால் பின்வரிசையில் பீர் பீப்பாயைச் சுற்றி. கோயில் மண்டபம் என்றால் கார் பார்க்கில், யாரோ ஒருவருடைய காரின் பின்பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு, கையில் பிளாஸ்டிக் கப்போடு. குடும்பப் படத்துக்கு மைக்கில் கூப்பிட்டுக் கூப்பிட்டுக் கடைசியில் மாமா இல்லாமலே படம் எடுத்த கல்யாணங்கள் உண்டு. மணப்பெண்ணின் முகம் அப்போது எப்படி வாடும் என்பதைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன்.

மதுவை நிறுத்துங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டு நான் உட்கார்ந்தால் கார் பார்க்கில் கூட்டம் இன்னும் கூடும். அவர்கள் ஏன் எழுந்து போகிறார்கள்? அழைப்பிதழில் ஆறரை என்று போடுகிறோம். மணமக்கள் உள்ளே வர எட்டு மணி ஆகிறது. அப்புறம் மேடையில் படம் எடுக்க நீண்ட வரிசை. வந்தவருக்கு இரண்டு மணி நேரம் செய்வதற்கு ஒன்றுமே இல்லை. அந்த வெறும் நேரத்துக்குள்தான் பாட்டில் நுழைகிறது.

நம் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் நடக்கும் மலாய்க்காரர் கல்யாணத்தைப் பாருங்கள். ஒரு சொட்டு மது கிடையாது. மாப்பிள்ளை வரும்போது கொம்பாங் என்ற கைமேளம் முழங்கும். நாசி மின்யாக் என்ற நெய்ச்சோறு, பாலில் ரோஸ் சிரப் கலந்த பண்டுங், கரோக்கே என்று பகல் முழுக்க ஆள் வந்துகொண்டே இருப்பார்கள். நம் தமிழ் முஸ்லிம் வீட்டுக் கல்யாணங்களிலும் மது இல்லை, கலகலப்புக்கும் குறைவில்லை. இந்து, கிறிஸ்தவ வீடுகளில் மட்டும் தண்ணி இல்லாவிட்டால் மாலை செத்துப்போகும் என்று யார் சொன்னது? கள்ளுக்கடைகள் இருந்த காலத்திலேயே, 1932இல் தொடங்கிய தமிழர் சீர்திருத்தச் சங்கமும் 'தமிழ் முரசு' ஆசிரியர் கோ. சாரங்கபாணி போன்றவர்களும் நம் ஆட்களின் குடிக்கு எதிராகப் பேசியிருக்கிறார்கள்.

செலவையும் சொல்லிவிடுகிறேன். விஸ்கி, ஒயின் போன்றவற்றில் இருக்கும் சுத்த ஆல்கஹாலுக்கு லிட்டருக்கு 88 வெள்ளி (டாலர்) தீர்வை. 40 விழுக்காடு விஸ்கி, 700 மில்லி பாட்டில் என்றால் தீர்வை மட்டுமே ஏறக்குறைய 25 வெள்ளி. அதற்கு மேல் 9 விழுக்காடு பொருள், சேவை வரி. ஹோட்டல் தொகுப்பில் பீர் 'இலவசம்' என்றால், அதற்குப் பதிலாக வேறு என்ன தருவீர்கள் என்று கையெழுத்துப் போடுமுன் கேளுங்கள்.

சரி, அந்தப் பணத்தில் என்ன செய்யலாம்? வாசலிலேயே ஒரு பானக் கடை போடுங்கள். தே தாரிக் ஆற்றத் தெரிந்தவர் ஒருவர், கை உயரத்துக்கு டீயை இழுத்து நுரை பொங்க ஊற்றினால் அதைப் பார்க்கவே பிள்ளைகள் சுற்றி நிற்பார்கள். பக்கத்தில் அசம் போய் (உப்பில் ஊறவைத்து உலர்த்திய பிளம் பழம்) போட்ட எலுமிச்சைச் சாறு, இஞ்சி தட்டிய தே ஹாலியா, பண்டுங், நீர்மோர். சர்க்கரை நோய் உள்ளவர்கள் நம்மிடையே நிறைய. அவர்களுக்குச் சீனி போடாதது தனியே இருக்கட்டும். கேஸ் பானத்தைப் பிளாஸ்டிக் கப்பில் ஊற்றி நீட்டினால் வந்தவருக்கு இரண்டாந்தர விருந்தாகப் படும். நல்ல கண்ணாடி டம்ளரில் கொடுங்கள். சீன நண்பர்கள் வந்தால், அவர்கள் விருந்தில் டம்ளரை உயர்த்திச் சொல்லும் 'யாம் செங்' வாழ்த்தைச் சேர்ந்து கத்தலாம். மூச்சுப் பிடித்து இழுத்துக் கத்துவதில்தான் குதூகலம், டம்ளரில் டீ இருந்தால் என்ன!

ஏழரைக்கே சாப்பாட்டைத் திறந்துவிடுங்கள். படம் எடுப்பவரோடு மணமக்கள் மேசை மேசையாக வரட்டும், வரிசையே வேண்டாம். உள்ளே நுழையும்போது உறுமி மேளம். அதன்பின் மாமா மச்சான்மாருக்கு வேலை. இதுதான் நான் கண்ட பெரிய மருந்து. ஒருவர் 'பாட்டுக்குப் பாட்டு' போட்டியில் மாப்பிள்ளை வீட்டு அணித்தலைவர், ஒருவர் பெண் வீட்டு அணித்தலைவர். ஒரு வாரம் முன்பே சொல்லிவிட வேண்டும். பழைய பாடல்களில் 'ம' எழுத்துக்கு வரி தேடிக்கொண்டிருக்கும் மனிதர் கார் பார்க்குக்குப் போகமாட்டார், எதிரணி எண்ணிக்கொண்டிருக்கிறதே! மேடையேறக் கூச்சப்படுகிறவரிடம் பழைய குடும்பப் படங்களைக் கொடுத்து, "இந்தக் குழந்தை யார்?" என்று மேசைகளுக்குள் போட்டி நடத்தச் சொல்லுங்கள்.

இன்னொன்று. மூச்சில் 100 மில்லிக்கு 35 மைக்ரோகிராமைத் தாண்டி ஆல்கஹால் இருந்து வண்டி ஓட்டினால், முதல் தடவையே 2,000 முதல் 10,000 வெள்ளி வரை அபராதம் வரலாம், 12 மாதம் வரை சிறையும் வரலாம். நம் விருந்துக்கு வந்தவரை அந்த நிலையில் வழியனுப்பி வைக்க எப்படி மனம் வரும்?

"தண்ணி வைக்கலைன்னா சம்பந்தி வீட்ல என்ன நினைப்பாங்க?" என்று முன்வரிசையில் ஓர் அப்பா கேட்டார். மண்டபத்துக்கு முன்பணம் கட்டுவதற்கு முன்பே பேசிவிடுங்கள், ஐயா. கல்யாணத்தன்று தெரிந்தால் அவமானமாக எடுத்துக்கொள்வார்கள். முன்கூட்டிச் சொன்னால் மரியாதையாக எடுத்துக்கொள்வார்கள். அந்த வீட்டில் எல்லாரும் சொல் கேட்கும் பெரியம்மாவோ தாத்தாவோ ஒருவர் இருப்பார். முதலில் அவரிடம் போங்கள். பேசத் தயக்கமாக இருந்தால் கூட்டம் முடிந்ததும் என்னிடம் வாருங்கள். நான் உங்களோடு வந்து பேசுகிறேன்.