அரைக் கிலோ எடைக்கல்லும் ஒரு பிஸ்டலும்

நேயர்களுக்கு வணக்கமுங்க.

ஞாயித்துக்கிழமை காலையில துப்பாக்கி சுட்டுப் பழகற ரேஞ்சுக்குப் புதுசா வர்ற பசங்க கேக்கறது ஒண்ணுதான். "சார், போன்ல பாத்தனுங்க, ஓடிக்கிட்டே டப்பு டப்புன்னு சுடறாங்களே, அதுக்கு எந்தப் பிஸ்டலுங்க நல்லது?"

அதுக்குப் பிராக்டிகல் ஷூட்டிங்னு பேரு. 1976-ல அமெரிக்காவுல, மிசூரி மாகாணத்துக் கொலம்பியாவுல கூடி, ஐ.பி.எஸ்.சி.ன்னு அதுக்கொரு உலக அமைப்பு ஆரம்பிச்சாங்க. வாங்குன புள்ளியை ஆன நொடியால வகுத்துத்தான் கணக்குப் போடுவாங்க. குறியும் தப்பக்கூடாது, நேரமும் போகக்கூடாது. அதுல பெரும்பாலும் ஓடறது 9 மி.மீ. தோட்டா. நம்ம நாட்டுச் சட்டத்துல அது பொதுமக்களுக்குத் தடை செஞ்ச ரகமுங்க. பொள்ளாச்சியில உக்காந்துக்கிட்டு அதுக்கு ஆசைப்பட்டா ஆசையோடயே இருக்க வேண்டியதுதான். கை பழக நமக்கிருக்கற வழி, காத்தழுத்தத்துல சுடற 10 மீட்டர் ஏர் பிஸ்டல். 4.5 மி.மீ. குழலும் 20 ஜூலுக்குள்ள ஆற்றலும் இருந்தா லைசென்ஸ் வேண்டியதில்லைங்க.

எந்தக் கம்பெனின்னு கேப்பீங்க. ஸ்டேயர், மோரினி, பார்டினி, வால்தர் எதை எடுத்தாலும் குழல் உங்களை ஏமாத்தாது. ஏமாத்தறது கைப்பிடி. கடையில பிஸ்டலைப் பிடிச்சு, கண்ணை மூடி, கையைத் தூக்கி நிறுத்திப் பாருங்க. அப்பறம் கண்ணைத் திறங்க. குறி பாக்கற முன் சைட்டு பின் சைட்டோட பள்ளத்துக்கு நடுவுல நிக்கணும். இடப்பக்கமோ வலப்பக்கமோ ஒதுங்கி நின்னா அந்தக் கைப்பிடி உங்க கைக்கு இல்லை.

அதுக்காகத் திருப்பிக் குடுத்துட்டு வரவேண்டாம். என் கைப்பிடி வால்நட் மரம். எங்க ஊரு ஆசாரி கிட்டக் கொண்டு போனேன். கை முழுக்கச் சாக்பீஸ் பொடியைத் தடவிப் பிடிக்கச் சொன்னாரு. வெள்ளை அழுந்துன இடத்துல, சுண்டுவிரலுக்கு மேல, ஒரு நெல்லு கனத்துக்கு இழைச்சாரு. பொடியே படாத உள்ளங்கைக் குழியில மரப்புட்டி வெச்சாரு. துப்பாக்கியைத் தொட்டே பாக்காத மனுசன், ஏர்க்கலப்பைக்கு மேழி போட்ட கை அது. ஒண்ணு ஞாபகம் வெச்சுக்கங்க: கைப்பிடி மணிக்கட்டைத் தாங்கற மாதிரி இருந்தா போட்டியில ஏத்துக்க மாட்டாங்க.

ட்ரிக்கர் விசயத்துல நான் ஏமாந்திருக்கேன். ஏர் பிஸ்டலுக்குக் குறைஞ்சது 500 கிராம் இழுவை இருக்கணும்கறது விதி. குழல் வானத்தைப் பாக்கற மாதிரி பிஸ்டலைப் பிடிச்சு, ட்ரிக்கர்ல 500 கிராம் எடையை மாட்டித் தூக்குவாங்க. விசை விடுபட்டு ட்ரிக்கர் விழாம எடை தரையை விட்டு எழும்பணும். ஒரு போட்டியில என்னோடது மூணு தடவையும் விழுந்துருச்சு. வீட்டுல நல்லாத்தான் இருந்துச்சு! மளிகைக்கடை அரைக்கிலோ கல்லைக் கட்டித்தான் பாத்திருந்தேன். அப்பறம் எடை போட்டுப் பாத்தா அந்தக் கல்லே பத்துக் கிராம் கம்மி. முத்திரை குத்துன கல்லா வாங்குங்க. அப்பவும் 500-ல நிறுத்தாம 510, 520-ல வெச்சுக்கங்க.

பிஸ்டலோட காத்து சிலிண்டர்ல 200 பார் அழுத்தம் வரைக்கும் ஏறும். மழைக்காலத்துல கைப்பம்புல அடிச்சா ஈரமும் சேந்து உள்ள போகும், துரு புடிக்கும். கொஞ்சம் அடிச்சு, பம்பு ஆறுனப்பறம் திரும்ப அடிங்க. சிலிண்டர் மேல தேதி பொறிச்சிருக்கும். பத்து வருசம் தாண்டினதைப் போட்டிக்குக் கொண்டு போகாதீங்க. செகண்ட் ஹேண்டுல வாங்கறவங்க முதல்ல அந்தத் தேதியைத்தான் பாக்கணும்.

எண்ணெய் கதை ஒண்ணு இருக்குதுங்க. ஒரு தம்பியோட அப்பாரு, தாத்தாங்க, பேரன் மேல இருந்த பாசத்துல ட்ரிக்கருக்குத் தேங்காயெண்ணெய் விட்டுட்டாரு. மார்கழிக் காலையில குளியலறைப் பாட்டில்ல உறையற அதே எண்ணெய் ட்ரிக்கருக்குள்ளயும் உறைஞ்சு, இழுத்தா களி கிண்டற மாதிரி வந்துச்சு. காத்து போற வால்வுப் பக்கம் எந்த எண்ணெயும் ஆகாது. அந்த அழுத்தத்துல எண்ணெய் தீப்புடிக்கும், விளையாட்டில்லைங்க. குழலுக்குள்ள ஃபெல்ட்டுங்கற கம்பளித் துண்டு ரெண்டைச் சுட்டாலே அழுக்கு வந்துரும். மத்ததுக்குத் தயாரிச்சவங்க புத்தகத்துல போட்டிருக்கற எண்ணெயில ஒரு சொட்டு போதும்.

இத்தனை பாத்தும் மெசின் மெசின்தான். 2021-ல டோக்கியோ ஒலிம்பிக்ல நம்ம நாட்டு மனு பாகருக்குப் போட்டி நடுவுல பிஸ்டல் பழுதாகி நேரம் போச்சு. 575 எடுத்தும் 12-வது இடம். அதே பொண்ணு 2024-ல பாரிஸ்ல ரெண்டு வெண்கலம் வாங்குச்சு. அதனால காத்து கசியாம இருக்கப் போடற ரப்பர் வளையம், ஓ-ரிங்கு நாலு, சின்ன ஆலன் சாவி ஒரு செட்டு பையில கிடக்கட்டும். உள்ள குண்டு இல்லைன்னு காட்டற கலர் கயிறைக் குழல்ல போடாம பிஸ்டலைப் பெட்டியில வைக்காதீங்க.

சுட்டு முடிச்சதும் வெளிய டீக்கடையில சூடா போண்டா போட்டுட்டு இருப்பாங்க. சோப்புப் போட்டுக் கையைக் கழுவீட்டுப் போங்க, சுடற பெல்லட்டுக் குண்டு ஈயமுங்க. வர்றேனுங்க.