80 கிலோ, ரெண்டு அண்ணைமார்: எவ்வளவு குறைக்கோணும்?

[திரையில்: கிளிநொச்சிப் பக்கம் ஒரு அரிசி ஆலை. நெல் மூட்டை நிறுக்கிற தராசு.]

இந்தத் தராசில ரெண்டு பேர் மாறி மாறி ஏறினவை. ஒராள் ஆலையில மூட்டை தூக்கிற அண்ணை, மற்றவர் ஏ9 ரோட்டில ஓட்டோ ஓடுறவர். ரெண்டு பேரும் 80 கிலோ, 170 சென்ரிமீற்றர். பி.எம்.ஐ. கணக்குக்கு (கிலோ நிறையை மீற்றர் உயரத்தால ரெண்டு தரம் வகுக்கிறது) ரெண்டு பேரும் ஒரே ஆள்தான்: 27.7.

ஆசிய ஆக்களுக்கு 23 தாண்டினாலே கவனம் வேணுமெண்டு உலக சுகாதார நிறுவனத்தின்ர நிபுணர் குழு 2004இல சொன்னது. இந்த உயரத்துக்கு 23 எண்டால் 66 கிலோ. அப்ப ரெண்டு பேரும் 14 கிலோ குறைக்கோணுமோ? மூட்டை தூக்கிறவர் எதைக் குறைக்கிறது, தோளையோ?

தராசுக்குக் கொழுப்பு எது தசை எது எண்டு தெரியாது. நாடாவை எடுப்பம்.

[திரையில்: தையல் நாடா, கிட்டத்தில.]

தைக்கிற அக்காட்ட இருக்கிற நாடாவே போதும். ஆம்பிளையள் சாரத்தைக் கொஞ்சம் இறக்கி, தொப்புள் மட்டத்தில சுத்துங்கோ. மூச்சை வெளிய விட்ட பிறகு, நாடா தோலில தொட்டால் காணும், அமத்த வேண்டாம். வயிற்றை எக்கிறேல்லை! (நான் முதல் தரம் எக்கி, முழுசா 3 சென்ரிமீற்றர் களவெடுத்தனான்.) பிறகு கழுத்து, குரல்வளைக்குக் கொஞ்சம் கீழ. பொம்பிளையளுக்கு இடுப்பு ஒடுங்கின இடத்தில ஒரு அளவு, பின்பக்கம் ஆக அகலமான இடத்தில ஒரு அளவு, கழுத்தும்.

இந்த அளவுகளையும் உயரத்தையும் வைச்சு உடம்பில கொழுப்பு எத்தினை வீதமெண்டு பாக்கிற சூத்திரத்தை 1984இல அமெரிக்கக் கடற்படைக்காகச் செய்தவை. போனில தேடினால் கணக்குப் போட்டே தரும்.

[திரையில்: ரெண்டு பேற்றை அளவுகளும் பக்கத்தில பக்கத்தில.]

மூட்டை அண்ணை: இடுப்பு 84, கழுத்து 40. கொழுப்பு 15 வீதம். அவரை விடுங்கோ, அவர் சாப்பிடட்டும்.

ஓட்டோ அண்ணை: இடுப்பு 96, கழுத்து 38. 26 வீதம். அதாவது 80 கிலோவில 21 கிலோ கொழுப்பு. மிச்சம் 59 கிலோ எலும்பு, தசை, ஈரல், தண்ணி. அந்த 59ஐத் தொடக்கூடாது. இலக்கு 20 வீதமெண்டு வைப்பம். வயதுக்கு வந்த ஆம்பிளைக்கு அது சாதாரண அளவு. அப்ப 59 கிலோதான் உடம்பின்ர 80 வீதம். 59ஐ 0.8 ஆல வகுத்தால் கிட்டத்தட்ட 74 கிலோ.

ஆறு கிலோ. பதினாலு இல்லை. 66 கிலோவுக்குப் போகோணுமெண்டு வெளிக்கிட்டிருந்தால், அந்த 59ஐ வைச்சுக்கொண்டு கொழுப்பு 11 வீதத்துக்கு இறங்கோணும். நாள் முழுக்க கைபிடியோட இருக்கிற மனுசனுக்கு அது நடக்கிற காரியமில்லை.

74 கிலோவில அவற்றை இடுப்பு 88 அளவில வரும். தெற்காசிய ஆம்பிளையளுக்கு 90, பொம்பிளையளுக்கு 80 சென்ரிமீற்றருக்குள்ள இடுப்பு இருக்கோணுமெண்டு சொல்லுறவை, அதுக்குள்ளயும் அடங்குது. நாடாக் கணக்கு மூண்டு நாலு வீதம் பிழைக்கும், அதால 74 எண்டு ஒத்தைக் காலில நிக்காமல் 72இல இருந்து 75 எண்டு வையுங்கோ. பொம்பிளையளுக்கு இயல்பிலேயே கொழுப்புக் கூட. 20 வீதத்தை அவையின்ர இலக்காக எடுக்க வேண்டாம், 25இல இருந்து 30க்குள்ள பாருங்கோ.

[திரையில்: வெறுங்காலோட ஏறிற டிஜிட்டல் தராசு.]

இது காலுக்கால சின்ன மின்சாரம் அனுப்பிப் பாக்கிறது. உடம்பில தண்ணி குறைஞ்சால் கொழுப்பைக் கூட்டிக் காட்டும். வயலில நிண்டு, தண்ணி குடியாமல் பின்னேரம் ஏறினன்: 29. அடுத்த நாள் விடிய: 25. ராத்திரியோட நாலு வீதம் உருகினதெண்டு சந்தோசப்பட வேண்டாம். காலமை, கக்கூசு போட்டு வந்து, தேத்தண்ணிக்கு முதல் ஏறுங்கோ.

எங்கட பக்கத்தில காலை இழந்த ஆக்கள் கனபேர். அவைக்கு இந்த மெசின் சரிவராது. பி.எம்.ஐ. பாக்கிறதெண்டால் பொய்க்காலைக் கழட்டி நிறுங்கோ. முழங்காலுக்குக் கீழ உள்ள கால் உடம்பு நிறையில ஏறத்தாழ 6 வீதம், அதால வந்த நிறையை 0.94 ஆல வகுக்கோணும். 61 காட்டினால் 65. அவைக்கும் இடுப்பு நாடா அப்படியே வேலை செய்யும்.

[திரையில்: நெல் வயல், பச்சை.]

ஓட்டோ அண்ணைக்குக் கிழமைக்கு அரைக் கிலோ காணும். பன்னிரண்டு கிழமை, மூண்டு மாத நெல்லு விதைச்சு வெட்டுற காலம். சீனி வருத்தத்துக்கு மருந்து எடுக்கிறவை மட்டும் தொடங்க முதல் கிளினிக்கில கதையுங்கோ, சாப்பாடு குறைஞ்சால் மருந்தும் மாத்த வேண்டி வரலாம்.

ரெண்டு கிழமைக்கு ஒருக்கா, அதே ஆள் அதே இடத்தில அளந்து கலண்டரில எழுதட்டும். நிறை நிண்டு இடுப்பு இறங்கினால் நல்லம். நிறை இறங்கி இடுப்பு அசையேல்லையோ, போறது தசையா இருக்கலாம். பருப்பும் மீனும் முட்டையும் கூட்டிக்கொண்டு, மண்வெட்டியையும் ஒருக்காத் தூக்கிப் பாருங்கோ.