காம்பராவும் கமராவும்

(ஹட்டனில் ஒரு வாசிகசாலை மண்டபத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

சபையோருக்கு வணக்கம். மழையில் நனைந்து வந்திருக்கிறீர்கள், அதனால் நேராகவே விஷயத்துக்கு வருகிறேன்.

சின்ன வயதில் யாராவது எங்கள் வீட்டுக்கு வழி கேட்டால், "மேட்டு லயம், மூணாவது காம்பரா" என்போம். லயம் என்றால் தோட்டத் தொழிலாளருக்கு வரிசையாகக் கட்டிய வீடுகள், காம்பரா என்றால் அதில் ஒரு குடும்பம் இருக்கும் அறை. இரண்டு சொல்லும் நம்முடையவை என்றுதான் நெடுநாள் நினைத்திருந்தேன். இரண்டுமே கடல் தாண்டி வந்தவை.

லயம் ஆங்கில 'லைன்'. அதற்கு மூலம் லத்தீன் 'லினேயா', ஆளிச்செடி நாரில் திரித்த நூல். போர்த்துக்கீசிய மொழியில் அதன் வழிவந்த சொல் இன்றும் கோடு, தையல் நூல் இரண்டையும் குறிக்கும். நூல் பிடித்தாற்போல் கட்டிய வரிசை, சரிதானே? சிலர் இதைக் குதிரை லாயத்தோடு முடிச்சுப் போடுவார்கள். மனிதரைக் குதிரைபோல் அடைத்தார்களே என்ற அந்தக் கோபம் நியாயமானது. ஆனால் சொல்லுறவு கிடையாது.

காம்பராவின் கதை இதைவிட நீளம். கிரேக்கத்தில் 'கமாரா' என்றால் வளைந்த கூரை. கூரையின் பெயர் லத்தீனுக்கு வந்து 'கமெரா' ஆகி, பிறகு அந்தக் கூரைக்குக் கீழிருந்த அறைக்கே பெயராகிவிட்டது. நம் பத்துக்குப் பன்னிரண்டு அடியில் வளைவாவது ஒன்றாவது? தகரம். மழை இறங்கினால் அம்மா முதலில் தேடுவது சட்டியைத்தான். ஒழுகும் இடம் அவருக்கு மனப்பாடம். இருட்டிலும் சரியாக வைப்பார்.

இத்தாலியருக்கு 'கமெரா' இன்றும் சாதாரண அறைதான். பிரெஞ்சுக்காரர் வாயில் நடு உயிர் தேய்ந்து 'கம்ர' என்று சுருங்கியது. ம், ர இரண்டையும் வேகமாகச் சேர்த்துச் சொல்லிப் பாருங்கள். உதடு பிரியும்போது இடையில் ஒரு 'ப்' தானாக எட்டிப் பார்க்கும். அப்படித்தான் அது 'ஷாம்ப்ர்' ஆயிற்று, ஆங்கிலத்துக்குப் போய் 'சேம்பர்' ஆயிற்று. நம் காம்பராவிலும் அதே 'ப்' உட்கார்ந்திருப்பதைக் கவனியுங்கள்.

வானியல் அறிஞர் கெப்லர் 1604 இல் எழுதிய நூலில் 'கமெரா ஒப்ஸ்கியூரா' என்கிறார். இருட்டறை என்று பொருள். சிறு துளை வழியே ஒளி நுழைந்து எதிர்ச் சுவரில் வெளியுலகைத் தலைகீழாகக் காட்டும் அறை அது. பின்னால் அந்த அறை பெட்டியாகச் சுருங்கியது, பெட்டி இப்போது கைபேசிக்குள் போய்விட்டது. ஆகவே அங்கே பின்வரிசையில் படம் எடுக்கும் தம்பி, உன் கையில் இருப்பதும் ஒரு காம்பராதான்!

எனக்கு மிகவும் பிடித்த கிளை ஸ்பானிய மொழியில் இருக்கிறது. ஓர் அறையில் சேர்ந்து படுத்த சிப்பாய்க் கூட்டத்தை 'கமராதா' என்றார்கள். கூட்டத்தின் பெயர் பிறகு அதில் ஒருவனுக்கு ஆகி, பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்தில் 'காம்ரேட்' ஆனது. தொழிற்சங்க மேடையில் நாம் தோழர் என்போமே, அதுதான். ஒரே காம்பராவுக்குள் தாத்தா, மகன், மருமகள், பேரப்பிள்ளைகள் என்று படுத்தெழுந்த நமக்கு அகராதி பார்க்காமலே இது விளங்கும்.

போர்த்துக்கலில் இன்று படுக்கை அறைக்கு வேறு சொல். 'கமரா' என்றால் பெரும்பாலும் நகரசபை. பிரேசிலில் நாடாளுமன்றக் கீழவையின் பெயரிலும் அது இருக்கிறது. அங்கே சட்டம் இயற்றுவது கமரா. இங்கே காம்பராவில் இருந்தவர்களின் பிரஜாவுரிமையை 1948 இல் ஒரு சட்டம் பறித்தது.

போர்த்துக்கீசர் 1505 இல் இலங்கைக் கரையைத் தொட்டார்கள். கண்டியை நிலையாகப் பிடிக்க அவர்களால் முடியவே இல்லை. 1638 இல் பேராதனைக்குப் பக்கத்தில் கன்னொருவையில் அவர்களுடைய படையே அழிந்தது. படை ஏற முடியாத மலையில் அவர்களுடைய 'கமரா' என்ற சொல் ஏறிவிட்டது. சிங்களத்தில் 'காமரய' ஆயிற்று. பிறகு கோப்பிக்கும் தேயிலைக்கும் வந்த நம் ஆட்கள் வாயிலும் நிலைத்தது. அறை என்ற தமிழ்ச் சொல் இருந்ததே என்பீர்கள். எங்கள் லயத்தில் "அறை வேணுமா?" என்று கேட்டால் கன்னத்தைப் பொத்திக்கொள்வார்கள்!

கடைசியாக ருமேனிய மொழி. அங்கே 'கமெர' என்றால் அறை. அதற்கு நெருங்கிய உறவான 'கமர' என்பது சாமான் போட்டு வைக்கும் சிற்றறை. இதைப் படித்தபோது சிரித்துவிட்டேன். என் அத்தை ஏழு பேர்ச் காணியில் தனி வீடு கிடைத்துப் போய்விட்டார். படுக்கும் இடத்துக்கு அவர் வைத்திருக்கும் பெயர் 'ரூம்'. பின்பக்கம் விறகும் மண்வெட்டியும் அடுக்கிய தகரக் கொட்டிலைத்தான் 'காம்பரா' என்கிறார். அத்தை ருமேனியாப் பக்கம் போனதில்லை.