மார்லின் பிரிஸ்கோவுக்குக் கிடைக்காத இரண்டாவது வருஷம்

எல்லோருக்கும் வணக்கம். இன்றைக்கு நான் பேசப்போவது நம்மில் அனேகம் பேர் முழுசாக ஒரு ஆட்டம்கூட உட்கார்ந்து பார்த்திராத விளையாட்டைப் பற்றி. விதிமுறை எல்லாம் தெரிய வேண்டியதில்லை, ஒன்று மட்டும் போதும். அமெரிக்க ஃபுட்பாலில் தாக்கி ஆடும் அணி நான்கு முயற்சிக்குள் பத்து கெஜம் முன்னேறியாக வேண்டும். யாருக்குப் பந்தை வீசுவது, யார் கையில் கொடுத்து ஓடச் சொல்வது, இல்லை தானே தூக்கிக்கொண்டு ஓடிவிடுவதா, இதையெல்லாம் எதிரணி மேலே வந்து விழுவதற்குள் இரண்டு மூன்று விநாடியில் முடிவு பண்ணுகிறவன் குவாட்டர்பேக். மற்றவர்கள் உடம்பால் ஆடுகிறார்கள், இவன் மூளையால் ஆடுகிறான் என்று அங்கே ரொம்ப காலமாக ஒரு பேச்சு உண்டு. விவகாரமே அந்தப் பேச்சுதான். மூளையால் ஆடுகிற இடம் என்று முடிவு கட்டிவிட்டால், அங்கே கறுப்பர் வேண்டாம் என்று யாரும் தனியாகச் சட்டம் போட வேண்டியதில்லை பாருங்கள்.

1968 ஜனவரி மாதத்தையே எடுத்துக்கொள்வோம். கல்லூரி வீரர்களை அணிகள் முறை வைத்து எடுக்கும் டிராஃப்ட் அந்த மாதக் கடைசியில் நடந்தது. அதில் கல்லூரியில் குவாட்டர்பேக்காக ஆடிய மூன்று கறுப்பு இளைஞர்கள் இருந்தார்கள். டென்னசி ஸ்டேட்டில் ஆடிய எல்ட்ரிட்ஜ் டிக்கியை ஓக்லண்ட் ரெய்டர்ஸ் முதல் சுற்றிலேயே எடுத்தது, அப்புறம் வைட் ரிசீவராக, அதாவது வீசுகிற பந்தை ஓடிப் பிடிக்கிறவராக, மாற்றியது. மிச்சிகன் ஸ்டேட்டின் ஜிம்மி ரே, 1966-இல் நோட்டர் டேம் அணியோடு 10-10 என்று முடிந்த பிரபலமான ஆட்டத்தில் குவாட்டர்பேக்காக இருந்தவர், அவரைத் தற்காப்புப் பக்கம் தள்ளினார்கள். மூன்றாவது ஆள் ஒமாஹா பல்கலைக்கழகத்தின் மார்லின் பிரிஸ்கோ. டென்வர் பிராங்கோஸ் அவரை 14ஆவது சுற்றில், கார்னர்பேக் ஆக்கலாம் என்று எடுத்தது. அதாவது எதிரணி ரிசீவர் பின்னாலேயே ஓடி அவனைப் பந்து பிடிக்கவிடாமல் தடுக்கிற வேலை. காரணம் சொல்ல வசதியாக உயரம் இருந்தது, ஆறடிக்கும் குறைவு. ஆனால் டிக்கிக்கு உயரம் இருந்ததே, அவர் மட்டும் என்ன ஆனார்?

பிரிஸ்கோவுக்கு ஏஜென்ட் கிடையாது, பேரத்தைத் தானே பேசினார். கார்னர்பேக்காக வருகிறேன், ஆனால் மூன்று நாள் என்னை குவாட்டர்பேக்காக நிறுத்திப் பாருங்கள், முடியாது என்றால் ஊருக்குத் திரும்பி வாத்தியார் வேலை பார்த்துக்கொள்கிறேன் என்றார். 22 வயதுப் பையன், 14ஆவது சுற்றில் எடுபட்டவன், இப்படிக் கேட்பதற்கு ஒரு தெனாவட்டு வேண்டும். டென்வரும் சரி என்றது. மூன்று நாள் நிறுத்திப் பார்த்துவிட்டு மறுபடி கார்னர்பேக்காக அனுப்பிவிட்டார்கள்.

சீசன் தொடங்கியதும் நிலைமை மாறியது. முதல் குவாட்டர்பேக் ஸ்டீவ் டென்சிக்குத் தோள்பட்டைக் காறை எலும்பு முறிந்தது, மாற்றாக வந்தவர் தடுமாறினார். செப்டம்பர் 29ஆம் தேதி பாஸ்டன் பேட்ரியட்ஸுக்கு எதிரான ஆட்டத்தின் கடைசிக் கால்பகுதியில், வேறு வழியில்லாமல் பயிற்சியாளர் லூ சேபன் பிரிஸ்கோவை இறக்கினார். முதல் முயற்சியிலேயே 22 கெஜத்துக்கு ஒரு வீச்சு, பிடிக்கப்பட்டது. அடுத்த முறை பந்து கைக்கு வந்தபோது அணியை 80 கெஜம் நகர்த்திக்கொண்டு போய், கடைசி 12 கெஜத்தைத் தானே ஓடி டச்டவுன் (எதிரணியின் கடைசிக் கோட்டுக்கு அப்பால் பந்தைக் கொண்டு சேர்ப்பது; ஓடியும் போகலாம், வீசிப் பிடிக்கவைத்தும் போகலாம்). ஆட்டம் என்னவோ தோல்விதான், 20-17. ஆனால் அடுத்த வாரம், அக்டோபர் 6, சின்சினாட்டிக்கு எதிராக ஆட்டத்தைத் தொடங்கியதே அவர்தான். ஏஎஃப்எல் லீகில் தொடக்க ஆட்டக்காரராக இறங்கிய முதல் கறுப்பு குவாட்டர்பேக். (அப்போது என்எஃப்எல், ஏஎஃப்எல் என்று இரண்டு லீக், 1970-இல்தான் ஒன்றாகச் சேர்ந்தன.) பத்து நாள் கழித்து மெக்சிகோ ஒலிம்பிக்ஸ் மேடையில் டாமி ஸ்மித்தும் ஜான் கார்லோஸும் கறுப்புக் கையுறை போட்ட கையை உயர்த்தினார்கள். அந்தப் படம் உலகம் பூரா போனது. டென்வரில் நடந்தது டென்வரோடு நின்றுவிட்டது.

அந்த வருஷம் பிரிஸ்கோ வீசிய டச்டவுன்கள் 14. முழுக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இவரைத் தூக்கிப்பிடிக்க வந்தவர்கள் பாதியோடு நிறுத்திக்கொள்வார்கள்: எதிரணி பறித்தது 13 பந்து, வீசியதில் பாதிகூட நம் ஆள் கைக்குப் போகவில்லை, சுமார் 42 சதவீதம்தான். அணி ஜெயித்தது 5, தோற்றது 9. சரி, இவரை உட்கார வைத்ததில் தப்பில்லை என்று தோன்றும். இருங்கள். இதே டென்வரில் 15 வருஷம் கழித்து இன்னொரு புதுப் பையன் வந்தான். 1983-இல் அவனுடைய முதல் சீசன்: 7 டச்டவுன், பறிபோனது 14, நேராகப் போய்ச் சேர்ந்த வீச்சும் பாதிக்குக் கீழே. பெயர் ஜான் எல்வே. அவருக்கு டென்வர் 16 சீசன் கொடுத்தது. சாம்பியன் யார் என்று முடிவு செய்யும் இறுதி ஆட்டமான சூப்பர் பௌலை முதல்முறை ஜெயிக்க அவருக்கு 15ஆவது சீசன் வரை ஆயிற்று, யாரும் அவரை ரிசீவராகப் போ என்று சொல்லவில்லை. எல்வே மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை, அற்புதமான ஆட்டக்காரர். தடுமாறுவதற்கு அவகாசம் இருந்தது, அவ்வளவுதான். பிரிஸ்கோவின் அந்த 14, டென்வரில் முதல் வருஷ ஆட்டக்காரர் ஒருவரின் சாதனையாக 2024-இல் போ நிக்ஸ் வரும் வரை நின்றது. 56 வருஷம்!

1969 கோடையில் என்ன நடந்தது என்பதை பிரிஸ்கோவே பின்னாளில் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். தன்னை விட்டுவிட்டு குவாட்டர்பேக்குகளின் கூட்டம் நடக்கிறது என்று சேதி வருகிறது. போய் அறைக்கு வெளியே நிற்கிறார். கதவு திறந்து பயிற்சியாளரும் மற்ற குவாட்டர்பேக்குகளும் வெளியே வருகிறார்கள், ஒருவரும் முகத்தைப் பார்க்கவில்லை. என்னை விட்டுவிடுங்கள் என்று கேட்டு வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டார். எந்த அணியும் அவரை குவாட்டர்பேக்காகக் கூப்பிடவில்லை. கனடா லீகையும் எட்டிப் பார்த்தார், சரிப்பட்டு வரவில்லை. கடைசியில் பஃபலோ பில்ஸ் ரிசீவராக வருகிறாயா என்றது.

அங்கே ஏற்கெனவே இருந்த குவாட்டர்பேக் ஜாக் கெம்ப். பிற்பாடு அரசியலுக்குப் போய் 1996-இல் குடியரசுக் கட்சியின் துணை ஜனாதிபதி வேட்பாளராக நின்றாரே, அதே கெம்ப். கூடவே புதிதாக வந்திருந்த ஜேம்ஸ் ஹாரிஸ், அந்த சீசனின் முதல் ஆட்டத்திலேயே குவாட்டர்பேக்காகத் தொடங்கிய கறுப்பு இளைஞர். அவரும் பிரிஸ்கோவும் ஒரே அறைவாசிகள். ராத்திரி விளக்கணைத்த பிறகு இரண்டு பேரும் என்ன பேசியிருப்பார்கள் என்று நான் நிறைய யோசித்ததுண்டு.

ரிசீவர் வேலை என்றால் ஓடிப்போய்ப் பந்தைப் பிடிப்பதுதானே என்று நினைத்துவிடாதீர்கள். இத்தனை அடி நேராக ஓடு, இந்த இடத்தில் காலை ஊன்றி உள்ளே திரும்பு என்று ஒவ்வொரு ஓட்டத்துக்கும் அளவு இருக்கிறது. திரும்பும் முன்னால் வேகத்தைக் குறைத்தாலோ, உடம்பை நிமிர்த்தினாலோ, எதிரே நிற்கிற கார்னர்பேக்குக்குத் தெரிந்துவிடும். நல்ல குவாட்டர்பேக் நீ திரும்பிய பிறகு வீச மாட்டான், திரும்புவதற்கு முன்னாலேயே பந்து கையை விட்டிருக்கும். நீ தலையைத் திருப்பும்போது அது நெஞ்சுக்கு நேரே வந்துகொண்டிருக்கும். மற்றவர்கள் பள்ளிக்கூடத்திலிருந்து பழகிவருகிற இந்த வித்தையை 24ஆவது வயதில், தினசரி அடி விழுகிற இடத்தில் நின்று கற்றுக்கொண்டார் பிரிஸ்கோ. முதல் வருஷமே 32 பந்து பிடித்தார், 5 டச்டவுன். அடுத்த வருஷம் 1970-இல் 57 பந்து, 1,036 கெஜம், 8 டச்டவுன், தேர்ந்தெடுத்த வீரர்கள் மட்டும் ஆடும் புரோ பௌலுக்கு அழைப்பு.

இது அவரால் எப்படி முடிந்தது? எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். எதிரணியின் கடைசி வரிசைத் தற்காப்பாளன் ஒரு எட்டு எந்தப் பக்கம் நகர்கிறான் என்பதை வைத்து, எங்கே காலி இடம் விழும் என்று கண்டுபிடிப்பது குவாட்டர்பேக்கின் படிப்பு. அந்தப் படிப்போடு ஓடுகிற ரிசீவர், வீசுகிறவன் மனசில் இருக்கிற இடத்துக்கு அவனுக்கு முன்னாலேயே போய் நிற்பான். மூளைக்கு லாயக்கில்லை என்று எந்த இடத்திலிருந்து இறக்கினார்களோ, அந்த இடத்தில் கற்ற மூளையை வைத்துத்தான் புது இடத்தில் பிழைத்தார்.

1972-இல் ஒரு வேடிக்கை. பஃபலோவுக்குப் புதுப் பயிற்சியாளர் வருகிறார், யார் தெரியுமா, டென்வரின் அதே லூ சேபன். வந்த வருஷமே பிரிஸ்கோவை மயாமி டால்ஃபின்ஸுக்குக் கொடுத்துவிட்டு, பதிலுக்கு முதல் சுற்று டிராஃப்ட் உரிமை ஒன்றை வாங்கிக்கொண்டார். 14ஆவது சுற்றில் எடுத்த ஆளின் விலை நான்கு வருஷத்தில் முதல் சுற்றுக்கு ஏறிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த வருஷம் மயாமி ஒரு ஆட்டம்கூடத் தோற்கவில்லை. 17-க்கு 17. சூப்பர் பௌல் காலத்தில் இன்று வரை வேறெந்த அணிக்கும் அது வாய்க்கவில்லை. அடுத்த வருஷமும் கோப்பை மயாமிக்கே, அந்த சீசனில் அந்த அணியில் அதிகப் பந்து பிடித்தவர் பிரிஸ்கோ. ஆனால் டென்வரை விட்ட பிறகு ஆட்டத்தில் அவர் வீசிய பந்துகளை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

1976-க்குப் பிறகு ஆடவில்லை. லாஸ் ஏஞ்சல்ஸில் வாழ்க்கை போதைப் பழக்கத்தில் சிக்கிச் சீரழிந்தது, கடனுக்கு ஈடாக வைத்த சூப்பர் பௌல் மோதிரங்கள் இரண்டும் கைவிட்டுப் போயின. அதிலிருந்து மீண்டு, பிள்ளைகளுக்கான மன்றம் ஒன்றில் வேலை பார்த்தார். ஒமாஹா பல்கலைக்கழகத்தில் 2016-இல் அவருக்குச் சிலை வைத்தார்கள்.

இதெல்லாம் பழைய கதை என்பவர்களுக்கு ஒன்று. 2018 டிராஃப்டுக்கு முன்னால், கல்லூரி ஆட்டத்தின் மிகப் பெரிய விருதான ஹைஸ்மன் வாங்கிய குவாட்டர்பேக் லமார் ஜாக்சனைப் பார்த்து, நீ ரிசீவராக மாறிவிடு என்று சொன்னார் பில் போலியன். என்எஃப்எல் அணிகளை நிர்வகித்துப் பேர் வாங்கிய பெரிய மனிதர். ஜாக்சன் மாட்டேன் என்றார். பால்டிமோர் அவரை முதல் சுற்றின் கடைசி ஆளாக, 32ஆவதாக எடுத்து, குவாட்டர்பேக்காகவே வைத்துக்கொண்டது. முதல் வருஷம் 6 டச்டவுன் வீச்சுதான், தோற்றால் வெளியேற வேண்டிய பிளேஆஃப் சுற்றில் சொந்த மைதானத்திலேயே கூட்டம் கூச்சல் போட்டது. இரண்டாவது வருஷம் 36 வீசினார், லீகின் சிறந்த வீரர் விருதை ஒரு ஓட்டு விடாமல் வாங்கினார். பிரிஸ்கோவுக்கு அப்போது 74 வயது. 2022 ஜூனில் இறந்துபோனார். அடுத்த பிப்ரவரி சூப்பர் பௌலில்தான் முதல்முறையாக இரண்டு பக்கமும் கறுப்பு குவாட்டர்பேக்குகள் தொடங்கினார்கள், பேட்ரிக் மஹோம்ஸ், ஜேலன் ஹர்ட்ஸ். 38-35 என்று மஹோம்ஸ் அணி ஜெயித்தது. நேரம் கிடைத்தால் அந்த ஆட்டத்தைத் தேடிப் பாருங்கள், விதிமுறை தெரியாவிட்டாலும் பார்க்கலாம். கேள்வி இருந்தால் கேளுங்கள்.