கிரீன் கார்டு இன்டர்வியூவும் எங்கள் இரண்டு கல்யாணத் தேதிகளும்

வணக்கம். பின்னால் குக்கர் இருக்கிறது. மூன்று விசில் வந்ததும் நான் எழுந்து ஓடினால் பயந்துவிடாதீர்கள்.

போன வீடியோவில் எங்களுக்கு கிரீன் கார்டு, அதாவது அமெரிக்காவில் நிரந்தரமாகத் தங்கும் அனுமதிக்கான இன்டர்வியூ வரப்போகிறது என்று சொல்லியிருந்தேன். முடிந்துவிட்டது. அதற்கு எப்படித் தயாரானோம், எங்கே சொதப்பினோம் என்பதைப் பேசத்தான் இன்றைக்கு உட்கார்ந்திருக்கிறேன். என் கணவர் அமெரிக்கக் குடிமகன், நான் எச்1பி என்ற வேலை விசாவில் இங்கே வேலை பார்த்தவள். அதனால் இங்கிருந்தபடியே ஐ-130 (மனைவிக்காக அவர் போடும் மனு), ஐ-485 (கிரீன் கார்டுக்கு நான் போடும் விண்ணப்பம்) இரண்டையும் சேர்த்துப் போட்டோம். ஊரில் கான்சுலேட் வழியாகப் போகிறவர்களுக்கு நடைமுறை வேறு. நான் வக்கீலும் இல்லை. விசா காலம் தாண்டித் தங்கியது, பழைய கேஸ், முந்தைய கல்யாணம் என்று ஏதாவது இருந்தால் இந்த வீடியோவை மூடிவிட்டு நல்ல வக்கீலைப் பாருங்கள்.

கடிதம் வந்த அன்றே என் கணவர் எங்கிருந்தோ நூறு கேள்விகளைப் பிரிண்ட் எடுத்து வந்தார். கட்டிலில் யார் எந்தப் பக்கம் படுப்பது, பல் துலக்கும் பிரஷ் என்ன நிறம், கடைசியாகச் சாப்பிட்ட ஓட்டல் எது. ராத்திரி சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டோம். என் அம்மா சர்க்கரை மாத்திரையை எத்தனை மணிக்குப் போடுவார் என்பதுவரை அவருக்குத் தெரிந்திருந்தது. நான் இப்போதைய வேலையில் எந்த மாதம் சேர்ந்தேன் என்று கேட்டேன், முழித்தார். ஆனால் அது படிவத்தில் இருக்கிற விஷயம்! பிரஷ் நிறம் எந்தப் படிவத்திலும் இல்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது, நாங்கள் தப்பான பாடத்தைப் படித்துக்கொண்டிருக்கிறோம் என்று. மறுநாள் அந்த நூறு கேள்வியைத் தூக்கிப் போட்டுவிட்டு, நாங்கள் அனுப்பிய படிவங்களின் நகலை எடுத்து ஆளுக்கு இரண்டு முறை படித்தோம்.

படித்திருந்தும் என்ன ஆயிற்று தெரியுமா?

உள்ளே போனதும் வலது கையைத் தூக்கி உண்மையே சொல்வோம் என்று உறுதிமொழி. உட்கார்ந்தோம். ஆபீசர் கையில் ஒரு சிவப்புப் பேனா, முன்னால் எங்கள் படிவம். பெயர், பிறந்த தேதி, முகவரி என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு சின்ன டிக். அப்புறம் என் கணவரைப் பார்த்து, "எப்போது கல்யாணம் நடந்தது?" என்றார். இவர் யோசிக்கவே இல்லை, "ஜூன்" என்றார். சிவப்புப் பேனா நின்றுவிட்டது.

படிவத்தில் இருந்தது பிப்ரவரி. பிப்ரவரியில் இங்கே கவுண்டி அலுவலகத்தில், நம் ஊர் மாவட்ட அலுவலகம் மாதிரி, கல்யாண லைசென்ஸ் வாங்கிக் கையெழுத்துப் போட்டுக்கொண்டோம். ஜூனில், வைகாசி முகூர்த்தத்தில், மதுரையில் தாலி கட்டினார். சட்டப்படி முதலாவதுதான் கல்யாணம், சான்றிதழும் அதற்குத்தான். ஆனால் எங்கள் வீட்டில் யாரைக் கேட்டாலும் ஜூன் என்றுதான் சொல்வார்கள், இவர் உட்பட. இவர் தயங்கியதைப் பார்த்து நான் வாயைத் திறந்தேன். ஆபீசர் கையைக் காட்டி, "அவரே சொல்லட்டும்" என்றார். இது முக்கியம். ஒருவரிடம் கேட்கும் கேள்விக்கு இன்னொருவர் பதில் சொல்லக் கூடாது. இவர் தண்ணீரைக் குடித்துவிட்டு இரண்டு தேதியையும் விளக்கினார். நான் ஆல்பத்திலிருந்து இரண்டு படங்களை நகர்த்தி வைத்தேன்: ஒன்றில் ஜீன்ஸ் போட்டு கவுண்டி கவுண்டர் முன்னால், இன்னொன்றில் கூரைப்புடவையில் மணவறையில். டிக் விழுந்தது. நம்மவர்கள் பாதிப் பேருக்கு இந்த இரண்டு தேதி விவகாரம் இருக்கும். கேட்கிற வரை காத்திருக்காமல், முதல் பதிலிலேயே இரண்டையும் சொல்லிவிடுங்கள்.

அடுத்தது பெயர். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, அப்பா பெயரின் முதல் எழுத்துதான். என் பாஸ்போர்ட்டில் சர்நேம் கட்டம் காலி. அதனால் விசாவில் என் பெயர் சர்நேம் இடத்துக்குப் போய், முதல் பெயர் இடத்தில் 'எஃப்என்யு', அதாவது முதல் பெயர் தெரியாது என்று வந்துவிட்டது. வீட்டு வாடகை ஒப்பந்தமான லீசில் இனிஷியலோடு ஒரு பெயர், வங்கியில் அப்பா பெயரோடு இன்னொரு பெயர். ஒரே ஆள், மூன்று பெயர். 'வேறு பெயர்கள்' என்று படிவத்தில் ஒரு பகுதி இருக்கிறது, அதில் எல்லாவற்றையும் எழுதியிருந்தேன். அதனால் பிழைத்தேன். கணவர் பெயரை ஏன் சேர்த்துக்கொள்ளவில்லை என்று ஆபீசர் கேட்டார், எங்கள் பக்கம் வழக்கமில்லை என்றேன், அவ்வளவுதான்.

ஒரு நிமிடம், விசில்.

சரி. ஐ-485இன் பின்பக்கங்களில் ஆம், இல்லை என்று நீளமாகக் கேள்விகள் வரும். தீவிரவாதம், இனப்படுகொலை என்றெல்லாம் இருப்பதால் எல்லாவற்றுக்கும் கண்ணை மூடிக்கொண்டு 'இல்லை' போட்டுவிடத் தோன்றும். அதற்கு நடுவில்தான் ராணுவப் பாணிப் பயிற்சி, ஆயுதப் பயிற்சி உண்டா என்ற கேள்வி உட்கார்ந்திருக்கிறது. நான் கல்லூரியில் என்சிசி. கேம்பில் பாயின்ட் 22 ரைஃபிள் சுட்டிருக்கிறேன். 'ஆம்' என்று போட்டு ஒரு பத்தியில் விளக்கம் எழுதி இணைத்திருந்தேன். ராணுவத்தில் சேர்ந்தாயா என்று கேட்டார், இல்லை என்றேன், பக்கத்தைத் திருப்பினார். ஆனால் போலீஸ் எப்போதாவது கைது செய்ததா, சைட்டேஷன், அதாவது விதிமீறல் நோட்டீஸ், கொடுத்ததா என்ற கேள்விக்கு 'இல்லை' போட்டிருந்தேன். ஸ்பீடிங் டிக்கெட்டும் சைட்டேஷன்தான் என்று பிறகுதான் உறைத்தது. அந்தப் பக்கம் வந்ததும் நானே சொன்னேன். சிவப்பில் திருத்தினார், கடைசியில் திருத்தங்களுக்குக் கையெழுத்து வாங்கினார். டிக்கெட் பெரிய விஷயமில்லை. மறைத்ததாக ஆகியிருந்தால்தான் வம்பு.

கல்யாணம் உண்மையானது என்று காட்டும் ஆதாரங்களைப் பற்றி ஆளாளுக்கு ஒரு லிஸ்ட் சொல்வார்கள். நான் தடிமனான ஃபைலோடு போனேன், ஆபீசர் கேட்டது விண்ணப்பம் போட்ட பிறகு சேர்ந்தவற்றை மட்டும். புது லீஸ், சேர்ந்து போட்ட வரிக்கணக்கு, என் இன்ஷூரன்சில் இவர் பெயர் இருக்கும் பக்கம். ஜாயின்ட் அக்கவுண்டில் வாடகையும் மளிகையும் போகிறதா என்று விரலால் வரி வரியாகப் பார்த்தார். போன வாரம் நூறு டாலர் போட்டுத் திறந்த கணக்குக்கு அங்கே மதிப்பு இருக்காது. மருத்துவப் பரிசோதனை அறிக்கை, எனக்கு ஸ்பான்சராக இருக்கும் கணவரின் வருமான ஆதாரம் எல்லாம் ஃபைலில் இருந்தன, கேட்கவே இல்லை. நடுவில் வீடு மாறியிருந்தால் பத்து நாளைக்குள் குடியேற்றத் துறைக்கு முகவரி மாற்றம் தெரிவித்திருக்க வேண்டும். நாங்கள் தெரிவித்திருந்தோம்.

தனித்தனி அறையில் உட்காரவைத்து ஒரே கேள்விகளைக் கேட்டு ஒப்பிட்டுப் பார்ப்பார்களே, 'ஸ்டோக்ஸ் இன்டர்வியூ'? நியூயார்க்கில் 1970களில் நடந்த ஒரு வழக்கால் வந்த பெயர் அது. எல்லோருக்கும் நடப்பதில்லை, சந்தேகம் வந்தால்தான். எங்களுக்கு நடக்கவில்லை. போலிக் கல்யாணத்துக்கு ஐந்து வருடம் வரை சிறை, இரண்டரை லட்சம் டாலர் வரை அபராதம் என்று சட்டம் இருக்கிறது. அதனால் அவர்கள் துருவுவதில் எனக்குக் கோபம் இல்லை. நினைவில்லை என்றால் "நினைவில்லை" என்றே சொல்லுங்கள். என் மாமியாரின் பிறந்த தேதியைக் கேட்டார், நான் அதைத்தான் சொன்னேன். புருவம்கூட உயரவில்லை.

கிரீன் கார்டு அட்டை வந்துவிட்டது. அதில் 'சிஆர்6' என்று இருக்கிறது. ஒப்புதல் கிடைத்த அன்று கல்யாணமாகி இரண்டு வருடம் ஆகவில்லை என்றால் இப்படித்தான், நிபந்தனையோடு இரண்டு வருடத்துக்கு மட்டும். 1986இல் வந்த சட்டம். காலாவதிக்கு முந்தைய தொண்ணூறு நாளுக்குள், நிபந்தனையை நீக்கக் கேட்கும் ஐ-751 படிவத்தைப் போட வேண்டும். இவர் காலண்டரில் அந்த நாளை வட்டம் போட்டுவிட்டார், சிவப்பில். நான் புது ஃபைல் ஒன்றை எடுத்து இந்த மாத வாடகை ரசீதை உள்ளே போட்டேன். குக்கரை இறக்க வேண்டும், வருகிறேன்.